ஊர் திரும்புமுன் ஆஸ்பத்திரிக் கணக்கு: டிக்கோயாவா, நாவலப்பிட்டியா, நுவரெலியாவா, பண்டாரவளையா?

கொழும்பை விட்டு மலையகத்துக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால் வாடகை, பள்ளிக்கூடம், வேலை என்று வரிசையாக வரும். ஆஸ்பத்திரி கடைசியில் வரும். பல் வரவே வராது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும். மகளுக்கு 11 வயது, முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எனக்கு ஒரு கடைவாய்ப்பல் அவ்வப்போது இரவில் எழுப்பிவிடும். அதனால் இந்த இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டே ஊரைத் தேடினோம்.

தேடத் தேட ஒன்று தெளிவானது. சீனி, பிரஷர், காய்ச்சல், பிள்ளைப்பேறு போன்றவற்றுக்கு மலையகத்தில் எந்த டவுனில் இருந்தாலும் ஒரு பஸ் தூரத்தில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. பல் அப்படியல்ல. பல்லைக் கழற்ற எங்கும் ஆள் உண்டு. காப்பாற்ற வேண்டுமென்றால்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் தெரிகிறது. ஆகவே 'எந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி' என்று கேட்பதைவிட, 'மாதா மாதம் எங்கே போகவேண்டி வரும், பல்லுக்கு எத்தனை தடவை போகவேண்டி வரும்' என்று கேட்பது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம்.

எங்கள் முன்னால் இருந்த இடங்கள் நான்கு. நோர்வூட் பக்கத்தில் சொந்த வீடு. அங்கே போனால் டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி. அடுத்தது நாவலப்பிட்டி, வாடகைக்கு. தங்கை இருக்கும் நுவரெலியா மூன்றாவது. வேலை கிடைக்கும்போல் இருந்த பண்டாரவளை நான்காவது. கண்டி டவுனுக்குள்ளேயே போய்விடலாமே என்று சிலர் சொன்னார்கள். கண்டி வாடகை கொடுப்பதானால் கொழும்பிலேயே இருந்துவிடலாம்.

பெயர்ப்பலகை சொல்வது

அரச ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை என்பது தெரிந்த கதை. எந்த ஆஸ்பத்திரியில் என்ன கிடைக்கும் என்பதில் பாதியை வாசலில் உள்ள பெயர்ப்பலகையே சொல்லிவிடும். 'பிரதேச வைத்தியசாலை' என்றால் டொக்டர் இருப்பார், வாட்டும் இருக்கும், நிபுணர் இருக்கமாட்டார். பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலை, அக்கரப்பத்தனையில் இருப்பவை இந்த வகை. 'ஆதார வைத்தியசாலை' என்றால் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, சிறுவர் என்று அடிப்படைப் பிரிவுகளுக்கு நிபுணர்கள் இருக்கவேண்டும். அதற்கு மேலே மாவட்டப் பொது வைத்தியசாலை, அதற்கும் மேலே போதனா, தேசிய வைத்தியசாலைகள். தோட்டத்து டிஸ்பென்சரி இந்த ஏணியிலேயே சேராது. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனபிறகும் பெரும்பாலான டிஸ்பென்சரிகள் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நடக்கின்றன. காய்ச்சலுக்கு இரண்டு பனடோல், காயத்துக்குக் கட்டு, அப்புறம் ஒரு துண்டு எழுதி 'பெரியாஸ்பத்திரிக்குப் போங்க' என்று அனுப்புவது. அதற்குமேல் அங்கே எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

டிக்கோயாவில் இருப்பது ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி நரேந்திர மோடி வந்து திறந்து வைத்தார். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகக் கிடந்தது, சனம் எல்லாம் அங்கேதான். அம்மாவின் கிளினிக்குக்கு இது தாராளமாகப் போதும். நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகிற பஸ்ஸில் ஏறினால் சரி, மாறி ஏறத் தேவையில்லை. நமக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு போடுவது பெரிய விஷயமாகத் தெரியாது. தோட்டத்தில் வேலை செய்கிற அக்காவுக்கு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும். அரைப் பேராவது போடவேண்டுமென்றால் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: எந்த ஆதார வைத்தியசாலையானாலும் விடிவதற்குள் வாங்கில் கிளினிக் கொப்பிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஆட்கள் நிற்கமாட்டார்கள், கொப்பிதான் வரிசையில் நிற்கும். சீனி பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ஃபிளாஸ்க்கையும் ரொட்டிப் பார்சலையும் மடியில் வைத்திருப்பார்கள், இரத்தம் எடுத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்ததும் ஒரு கையாலேயே பார்சலைப் பிரிப்பார்கள். டொக்டரைப் பார்ப்பது சில நிமிஷம். மருந்து ஜன்னலில் நிற்பதுதான் நீளம். எல்லா மாத்திரையும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டால் அன்று நல்ல நாள். ஒன்றிரண்டுக்குத் துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொல்வதும் உண்டு. ஆகவே பக்கத்தில் நல்ல ஃபார்மசி இருக்கிறதா என்பதும் ஒப்பீட்டில் சேரவேண்டும். ஹட்டன் டவுனில் அந்தக் கவலை இல்லை.

நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்துக்குள் வருகிறது, இருந்தும் ஹட்டன் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமான ஊர். அங்கே இருப்பது மாவட்டப் பொது வைத்தியசாலை, அதாவது டிக்கோயாவைவிட ஒரு படி மேல். டிக்கோயாவில் சமாளிக்க முடியாத நோயாளியை மாற்றி அனுப்புகிற இடங்களில் அதுவும் ஒன்று. இரவில் 'மாத்திட்டாங்க' என்று செய்தி வந்தால், கினிகத்தேனை இறக்கத்தில் பனியில் போகிற அந்தப் பயணத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். நாவலப்பிட்டியிலேயே குடியிருந்தால் அந்த ஒரு பயணம் மிச்சம். மழைதான் சொல்லி மாளாது. துணி காயப்போட்டால் மூன்று நாள் ஆகும்.

நுவரெலியாவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை. நெதர்லாந்து உதவியில் எழுந்த புதிய கட்டடம், விசாலமானது. கட்டடத்தை மட்டும் பார்த்தால் நான்கில் அதுதான் முதலாவது. எங்களுக்கு இடித்தது குளிர். 1,868 மீற்றர் உயரத்தில், மார்கழி, தை மாதங்களில் அம்மாவின் முழங்காலும் நெஞ்சுச் சளியும் என்ன பாடுபடும் என்று தங்கை வீட்டுக்குப் போய்வந்தபோதே பார்த்தாயிற்று. ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடிக்கடி போகவைக்கும் ஊர் நல்ல ஊரா?

பண்டாரவளையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவாத்தியம் அருமை. பக்கத்திலேயே தியத்தலாவை ஆதார வைத்தியசாலை, கொஞ்சம் தள்ளினால் பதுளை போதனா வைத்தியசாலை. மருத்துவத்துக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அங்கிருந்து கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். பேராதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பல்லுக்கு வந்தால் புரியும்.

பல்லுக்கு எத்தனை தடவை

பல் வேலையை அதன் விலையால் அளக்காமல் வருகைகளால் அளந்து பாருங்கள். கழற்றுவதற்கு ஒரு தடவை போதும். சொத்தையை அடைக்க ஒன்று அல்லது இரண்டு. ரூட் கெனல் என்கிற வேர்ச் சிகிச்சைக்கு எக்ஸ்ரே வேண்டும், இடையில் மருந்து வைத்து மூடுவார்கள், மூன்று தடவையாவது ஆகும். பல் செட் கட்டுவதென்றால் முதலில் அளவெடுப்பு, பிறகு கடி பார்ப்பது, பிறகு மெழுகில் பல்லை வைத்து வாயில் போட்டுப் பார்ப்பது, பிறகுதான் செட் கைக்கு வரும். வந்தபின்னும் ஈறு புண்ணாகும், தேய்த்துச் சரிசெய்ய மறுபடியும் போகவேண்டும். பல்லை வரிசைப்படுத்தக் கம்பி போடுவதென்றால் மாதத்துக்கொரு தடவை, ஏறத்தாழ இரண்டு வருஷம்.

இப்போது தூரத்தைப் பெருக்கிப் பாருங்கள். அரச ஆஸ்பத்திரிப் பல் பிரிவுகளில் கழற்றுவதும் அடைப்பதும் சுத்தம் செய்வதும் நடக்கும். காலையில் நம்பர் எடுத்தால் பெரும்பாலும் அன்றே பார்த்துவிடுவார்கள். வேர்ச் சிகிச்சை, செட், கம்பி, தாடைச் சத்திரசிகிச்சை எல்லாம் நிபுணர் இருக்கிற பெரிய இடங்களில்தான். மலையகத்துக்கு அந்தப் பெரிய இடம் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்தது, ஜப்பான் உதவியில் கட்டியது. நாட்டில் பல் டொக்டர்களை உருவாக்கிய ஒரே பீடமாக அது பல காலம் இருந்தது. இன்று உங்கள் டவுனில் பல் பார்க்கிறவர் ஐம்பது வயதுக்காரர் என்றால், உள்நாட்டில் படித்திருந்தால் அங்கேதான் படித்திருப்பார்.

அங்கே மாணவர்களும் பல் பார்ப்பார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மாணவர் ஒரு கட்டத்தை முடித்ததும் ஆசிரியர் வந்து கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார், சரியென்றால்தான் அடுத்தது. நேரம் ஆகும், பொறுமை வேண்டும். வேலை கவனமாக நடக்கும். அவசரமாக ஐந்து நிமிஷத்தில் அடைத்து, ஆறு மாதத்தில் கழன்று விழுகிற அடைப்பைவிட இது மேல். கம்பி போடுவதற்குத்தான் காத்திருப்புப் பட்டியல் நீளம், பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஆகவே பிள்ளைக்குப் பல் முளைத்து முடியட்டும் என்று வீட்டில் இருக்காமல், முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

தோட்டத்தில் ஏன் இத்தனை பேர் நாற்பது வயதிலேயே பொக்கை வாயோடு இருக்கிறார்கள் என்பதற்கும் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அக்கறை இல்லாமல் அல்ல. பல்லைக் காப்பாற்ற நான்கு நாள் பேர் போகும், கழற்ற ஒரு நாள் போதும். யாராக இருந்தாலும் எதைத் தெரிவுசெய்வார்கள்? 'புடுங்கிப் போட்டுட்டேன், இப்ப நிம்மதி' என்று என் பெரியம்மா சொன்னபோது அவர் வாயில் அப்படிப் போனது நல்ல வேரோடு இருந்த பல். அதோடு பிளேன்டீக்கு உள்ளங்கையில் சீனி. மலையகத்து ஊற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைட் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அநுராதபுரப் பக்கத்தில் அது கூடிப்போய்ப் பல்லில் கறை விழுகிறது, நம் பக்கத்தில் குறைந்துபோய்ச் சொத்தைக்கு வழிவிடுகிறது. பிள்ளைகளுக்கு ஃப்ளோரைட் உள்ள பற்பசைதான் வாங்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது, பலர் அதைத் தட்டுவதில்லை. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். மஹரகமையில் பயிற்சி பெற்ற பல் சிகிச்சையாளர்கள் இருப்பார்கள், சொத்தை அடைப்பது, பால்பல் எடுப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அவர்களே. எல்லாப் பாடசாலையிலும் இந்த நிலையம் கிடையாது. பிள்ளையைச் சேர்க்கும் பாடசாலைக்கு எது பக்கம் என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் சொல்லுவார்கள். எங்கள் மகளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இது செல்லும். கம்பி இங்கே போடமாட்டார்கள், ஆனால் எங்கே அனுப்புவது என்று எழுதித் தருவார்கள்.

தனியார் பக்கம் போவதானால் ஹட்டன், கம்பளை, நாவலப்பிட்டி, நுவரெலியா எங்கும் பல் டொக்டர்கள் மாலையில் பார்க்கிறார்கள். கண்டியில் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. லேக்சைட் அட்வென்டிஸ்ட் வைத்தியசாலையின் பல் பிரிவு பழையது, பெயர்பெற்றது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 'பல் கட்டித் தரப்படும்' என்று போர்டு தொங்கவிட்டவர்கள் எல்லோரும் பல் டொக்டர்கள் அல்ல. இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா விஷயத்தில் பல்லும் சீனியும் கைகோத்து நடக்கின்றன. சீனி கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சீனி கட்டுக்குள் நிற்காது. இதயத்துக்கு அஸ்பிரின் போடுகிறவர்கள் பல் கழற்றப் போகும்போது கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோகவேண்டும், தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம் வெற்றிலை. அம்மா கொழுந்து எடுத்த காலத்திலிருந்து புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர். வாய்ப்புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடையே முன்வரிசையில் நிற்கிற புற்றுநோய், தோட்டத்துப் பெண்களும் அதற்குத் தப்பவில்லை. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம், ஆறாத புண், முன்புபோல வாய் திறக்க முடியாமை, உறைப்பு பட்டால் எரிவு, இவற்றில் எது தெரிந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை. எந்த அரச ஆஸ்பத்திரிப் பல் பிரிவிலும் 'வாயைப் பாருங்க டொக்டர்' என்று கேட்டால் பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் பேராதனைக்கு எழுதுவார்கள். அப்போது மறுபடியும் தூரம் வந்து நிற்கும்.

இரவும் மழையும்

1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கிற சுவசெரிய ஆம்புலன்ஸ் மலையகத்துக்கு வந்தது பெரிய மாற்றம். இலவசம், அழைத்தால் வரும். ஆனால் வருவது பிரதான வீதி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக்குப் போகிற தோட்ட வீதி குண்டும் குழியுமாக இருந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வரவேண்டும், அல்லது தோட்டத்து லொறிதான். குளவிக் கொட்டுக்கு ஆளானவரை அப்படிக் கொண்டுவந்ததைப் பார்த்தவர்களுக்கு, வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் இடையிலுள்ள அந்த அரை மைலின் மதிப்பு தெரியும். வீடு பார்க்கப் போகும்போது ஆஸ்பத்திரி தூரத்தை மட்டும் கேட்காமல், மழை நாளில் ஓட்டோ வாசல்வரை வருமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் எல்லாக் கணக்கையும் ஒரு தடவை கலைத்துப் போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை நான்கு மாவட்டங்களிலும் மண் சரிந்தது, வீதிகள் துண்டாகின, மலையக ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. அதற்கு முன்னால் நான் 'ஹட்டனிலிருந்து கோச்சியில் ஏறினால் பேராதனை' என்று சுலபமாக எண்ணியிருந்தேன். இப்போது எந்த ஊரானாலும் ஒரே பாதையை நம்பி இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நாவலப்பிட்டியிலிருந்து கம்பளை வழியாக பஸ் உண்டு, ரயில் பாதையும் உண்டு. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ரம்பொட வளைவுகள். அவை மூடினால் சுற்றிப் போவது பெரிய சுற்று.

மருந்துத் தட்டுப்பாட்டையும் மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையே மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. நிலைமை இன்று அப்படி இல்லை. ஆனாலும் அம்மாவின் மாத்திரை எப்போதும் இரண்டு வாரத்துக்காவது கூடுதலாக வீட்டில் இருக்கும். மண்சரிவுக்கும் அது உதவும்.

மொழிப் பிரச்சினை டிக்கோயாவில் குறைவு. மிஸ்ஸிமாரிலும் (தாதியர்) ஊழியர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அம்மா தனியாகவே போய்வருவார். கண்டி, பேராதனைப் பக்கம் போனால் நம்பர் கூப்பிடுவது முதல் மாத்திரை உறையில் எழுதுவது வரை பெரும்பாலும் சிங்களம். கூட ஒருவர் போகத்தான் வேண்டும். ஒருமுறை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் போடவேண்டிய மாத்திரையை அம்மா இரவில் போட்டு மயங்கி விழுந்தார். அதிலிருந்து உறைகளில் நானே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கிறேன்.

எங்கள் முடிவு

அம்மாவை மட்டும் வைத்துப் பார்த்தால் நோர்வூட். சொந்த வீடு, ஒரே பஸ், தமிழ் பேசுகிற கிளினிக். மகளின் பல்லை வைத்துப் பார்த்தால் நாவலப்பிட்டி. மாதம் ஒருமுறை பேராதனைக்குக் காலையில் போய்ப் பின்னேரம் வீடு திரும்பலாம். நோர்வூட்டிலிருந்து அதே வேலைக்கு விடியுமுன் கிளம்பவேண்டும். இரண்டு வருஷம், மாதா மாதம். சேர்த்துப் பார்த்தால் வாடகை மிச்சத்தில் பாதி பஸ்ஸிலும் சாப்பாட்டிலும் போய்விடும், பிள்ளையின் தூக்கம் வேறு. நுவரெலியா குளிரால் விழுந்தது. பண்டாரவளை தூரத்தால்.

என் கடைவாய்ப்பல்லைக் கொழும்பிலேயே முடித்துவிட்டுத்தான் லொறி ஏற்றுவது என்று தீர்மானித்திருக்கிறேன். திரும்பிப் போகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். கொழும்பில் பல் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது, தனியாரும் நிறைய. அரைகுறையாக மருந்து வைத்து மூடிய பல்லோடு மலை ஏறினால், அதை முடிக்க மறுபடியும் இறங்கவேண்டி வரும். அம்மாவின் கிளினிக்கில், புது ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கடிதமும் மருந்துகளின் முழு விவரமும் எழுதித் தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டிருக்கிறோம். கடைசி நாளில் கேட்டால் கொப்பியை மட்டும் தருவார்கள், புது டொக்டர் முதலிலிருந்து எல்லா டெஸ்டும் செய்யச் சொல்வார். பழைய ஈசிஜி, ஸ்கேன், கண் கிளினிக் கார்ட் எல்லாம் ஒரே கவரில்.

இப்போதைக்கு நாவலப்பிட்டியில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேட்டில் வேண்டாம், ஆற்றுக்குப் பக்கத்திலும் வேண்டாம் என்பது அம்மாவின் நிபந்தனை. மகளைப் பேராதனையில் காட்டும்போது 'கம்பி தேவையில்லை, பல் தானாகவே இடம் பிடிக்கும்' என்று சொல்லிவிட்டார்களானால் நாவலப்பிட்டியில் ஒரு நாளும் இருக்கமாட்டோம், நேரே நோர்வூட்தான்.